கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்: பழைய ஜெர்மன் சினிமா நட்சத்திர போஸ்ட்கார்டுகள்

பெர்லினில் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை ஒன்றில், ஷூ பெட்டி நிறைய பழைய ஜெர்மன் சினிமா நடிகர்களின் போஸ்ட்கார்டுகளைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் லிலியன் ஹார்வி என்ற நடிகையின் கார்டு ஒன்றில், படத்தின் மேலேயே ‘பேனாவில் போட்டதுபோல’ கையெழுத்து இருந்திருக்கிறது. 60 யூரோ சொல்லியிருக்கிறார்கள். அது அசலா, வாங்கலாமா, இந்தக் கார்டுகளைச் சேகரிக்க எங்கிருந்து ஆரம்பிப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

அன்றைக்கே பணத்தைக் கொடுக்காமல் வந்தது நல்லது. கார்டு போலி என்று சொல்ல வரவில்லை. உங்கள் கேள்வியில் நடிகையின் முகமும் கையெழுத்தும் மட்டும்தான் இருக்கின்றன. படத்தின் அடியில் என்ன எண் இருந்தது, எந்தப் பதிப்பகம், பின்பக்கம் எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. புதிதாக வருகிற எல்லோருக்கும் கண் முதலில் கையெழுத்தின் மேல்தான் போகும். நான் இந்தக் கார்டுகளைச் சேர்க்க ஆரம்பித்து 14 வருடம் ஆகிறது. அதில் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்வதென்றால், முதலில் கார்டைப் படிக்க வேண்டும், கையெழுத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

முதலில் இவை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் அகலம், 14 சென்டிமீட்டர் உயரம். பழையவற்றில் பெரும்பாலானவை அச்சடித்த படங்கள் அல்ல, உண்மையான போட்டோக்கள். வெள்ளி புரோமைடு பூசிய காகிதத்தில் நெகட்டிவிலிருந்து நேரடியாக எடுத்த பிரதிகள். 1894-ல் தொடங்கி, பிறகு பெர்லினின் ஸ்டெக்லிட்ஸ் பகுதியில் இயங்கிய நோயெ ஃபோட்டோகிராஃபிஷெ கெஸல்ஷாஃப்ட் என்ற நிறுவனம், புரோமைடு காகிதத்தை உருளை உருளையாக இயந்திரத்தில் ஓடவிட்டு, ஒளி காட்டி, கழுவி, உலர்த்தி எடுத்தது. அதற்கு ‘கிலோமீட்டர் போட்டோகிராஃபி’ என்றே அப்போது பெயர். இப்படித்தான் ஒரு நடிகையின் அசல் போட்டோ சில காசுகளுக்கு யார் கைக்கும் போய்ச் சேரும் பொருளாக மாறியது. முதலில் மேடை நடிகர்களும் அரச குடும்பத்தாரும் கார்டுகளில் வந்தார்கள். 1910-களில் ஹென்னி போர்ட்டன், ஆஸ்டா நீல்சன் போன்றவர்களோடு சினிமா முகங்கள் வந்தன. ரோட்டோஃபோட், ஃபோட்டோகெமி, ஹெர்மன் லைஸர் என்ற பதிப்பகப் பெயர்களைக் கார்டின் அடியில் பார்த்தால், பெரும்பாலும் முதல் உலகப்போரை ஒட்டிய காலத்துக் கார்டு உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு வந்த பெயர்தான் பெட்டியில் அடிக்கடி கண்ணில் படும்: ராஸ் ஃபெர்லாக், அதாவது ராஸ் பதிப்பகம். ஹைன்ரிஷ் ராஸ் என்பவர் பெர்லினில் நடத்திய நிறுவனம். 1920-களிலும் 30-களிலும் ஜெர்மன் நட்சத்திரங்களில் இவருடைய கார்டில் வராதவர்கள் அநேகமாக இல்லை. ஹாலிவுட் கம்பெனிகளோடும் ஏற்பாடு இருந்ததால் பாரமவுண்ட், மெட்ரோ, ஃபாக்ஸ் நடிகர்களையும் ராஸ் கார்டுகளில் பார்க்கலாம். ராஸ் யூதர். நாஜிகளின் ஆட்சியில், 1930-களின் பிற்பாதியில், தன் சொந்த நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். அப்புறம் அமெரிக்காவுக்குப் போய், அங்கேயே காலமானார். அவரை விரட்டியவர்கள் அவர் பெயரை மட்டும் உடனே விரட்டவில்லை. அந்தப் பெயரில் கார்டு விற்றதால் சில வருடம் அதையே வைத்துக்கொண்டார்கள். 1941-ல்தான் அது ‘ஃபில்ம்-ஃபோட்டோ-ஃபெர்லாக்’ ஆனது. ஆக, 1939-ல் வந்த கார்டில் ‘ராஸ்’ என்று இருந்தாலும் அதில் ஒரு காசுகூட ராஸ் கைக்குப் போகவில்லை. அந்தக் கார்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

சரி, எண்ணுக்கு வருவோம். ராஸ் கார்டில் படத்தின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு எண், ஒரு சாய்கோடு, அதன் பின் இன்னொரு சிறிய எண் இருக்கும். 6170/1 என்பது போல. இந்த எண் காலத்தோடு ஏறிக்கொண்டே போனது. 5000-ஐ ஒட்டியவை ஏறத்தாழ 1930. 8000-ஐ ஒட்டியவை 1933, 34. நான்கு இலக்கம் தீர்ந்ததும், 1937 வாக்கில், முன்னால் ‘ஏ’ என்ற எழுத்தைப் போட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார்கள். இது தெரிந்தாலே போதும், எத்தனையோ ஏமாற்றுகளிலிருந்து தப்பலாம். ‘ஏ’ வரிசைக் கார்டில் ‘1932’ என்று தேதி போட்டுக் கையெழுத்து இருந்தால் மேலே யோசிக்கவே வேண்டாம், கார்டே அப்போது பிறக்கவில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. 1930-ன் கார்டில் 1955-ல் போட்ட கையெழுத்து இருக்கலாம். ரசிகர்கள் கார்டைப் பல வருடம் பெட்டியில் வைத்திருந்து, நடிகரை நேரில் சந்திக்கும் அன்று எடுத்து நீட்டியிருக்கிறார்கள். கார்டின் வயது, கையெழுத்து எந்த வருடத்துக்கு முன்னால் இருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும்.

எண்ணுக்குப் பக்கத்தில் போட்டோ எடுத்த ஸ்டூடியோவின் பெயர் இருக்கும். நிக்கோலா பெர்ஷைட், கார்ல் ஷெங்கர், பெக்கர் உண்ட் மாஸ், எர்ன்ஸ்ட் ஷ்னைடர், வியன்னாவின் மனாஸே. இந்தப் பெயர்களுக்காகவே தனியாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதிகம் காணக்கூடியது அலெக்ஸாண்டர் பிண்டர். இந்தப் பெயரை வைத்து வருடம் கணக்குப் போடாதீர்கள். பிண்டர் 1929-லேயே இறந்துவிட்டார். ஸ்டூடியோ அவர் பெயரிலேயே 1930-களிலும் தொடர்ந்தது.

இப்போது கையெழுத்து. நீங்கள் ‘பேனாவில் போட்டதுபோல’ என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது. ஜெர்மன் கார்டுகளில் நட்சத்திரத்தின் கையெழுத்து அச்சிலேயே வருவது மிகச் சாதாரணம். நான் வாங்கிய முதல் ‘கையெழுத்துக் கார்டு’ வில்லி ஃபிரிட்ஷுடையது. லிலியன் ஹார்வியோடு பத்துக்கும் மேற்பட்ட படங்களில் ஜோடியாக நடித்தவர். கடைக்காரர் அசல் என்றார், 35 யூரோ கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து வேறொரு சந்தையில் அதே படம், அதே எண், அதே கையெழுத்து. கையெழுத்தின் கடைசிச் சுழிப்பு அதே பொத்தானுக்கு மேலே அதே இடத்தில் முடிந்திருந்தது. மனிதர் எவரும் இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி கையெழுத்துப் போட மாட்டார். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினேன். இந்த வேலையில் அதைவிடப் பயனுள்ள செலவை இதுவரை செய்ததில்லை.

வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நெகட்டிவின் மேல் ஒளி புகாத மையால் எழுதினால் பிரதியில் அந்த எழுத்து வெள்ளையாக வரும். நெகட்டிவின் பூச்சைக் கீறி எழுதினால் கறுப்பாக வரும். இரண்டிலுமே எழுத்து படத்தின் உள்ளே இருக்கும். கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பளபளப்பு எழுத்தின் மேலும் பக்கத்திலும் ஒரே சீராக ஓடினால் அது அச்சு. பேனா மையாக இருந்தால் கோடு தனியாகத் தெரியும். பளபளக்கும் ஜெலட்டின் பரப்பில் மை எளிதில் ஒட்டாது. சில இடத்தில் விட்டுவிட்டு ஓடும், சில இடத்தில் திரண்டு நிற்கும், வளைவு முடிகிற இடத்தில் அடர்த்தியாக இருக்கும். பழைய மை பழுப்பாகியிருக்கலாம், சாய்த்துப் பார்த்தால் செம்பு நிறத்தில் மினுங்கவும் செய்யலாம். ரப்பர் முத்திரையும் உண்டு. அதில் மை எல்லா இடத்திலும் ஒரே தட்டையாக இருக்கும், பேனா அழுந்தியும் தளர்ந்தும் போன தடம் இருக்காது. இன்னொன்று, ஒரு நடிகைக்கு வாரம் நூற்றுக்கணக்கில் கடிதம் வரும்போது செயலாளரோ வீட்டில் ஒருவரோ உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதும் நடந்ததுதான். அது அந்தக் காலத்து மைதான், அந்தக் காலத்துப் பேனாதான், நடிகையின் கை மட்டும் இல்லை. இதை மையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதே காலத்து உறுதியான கையெழுத்துகள் நாலைந்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

மோசமான வகை என்று ஒன்று உண்டு. கையெழுத்தில்லாத அசல் ராஸ் கார்டு சில யூரோவுக்குக் கிடைக்கும். அதை வாங்கி, பழைய மைப்புட்டியைத் தேடிப்பிடித்து, இன்று கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள். கார்டு அசல், அதனால் எல்லாமே அசல் என்று நம்பிவிடுவோம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது லா யானாவின் கார்டு ஒன்று. அவர் நடனக்காரர், இயற்பெயர் ஹென்ரியட்டெ ஹீபல். உதய்ப்பூரில் சில காட்சிகள் எடுக்கப்பட்டு 1938-ல் வெளிவந்த, இந்தியாவில் நடக்கும் கதை ஒன்றில் நடித்ததால் நம் ஆட்களுக்கும் அவர் மேல் ஒரு ஆர்வம் உண்டு. கார்டு அழகாக இருந்தது. கறுப்பு மையில் கையெழுத்து, கீழே 1938 என்ற தேதி, எண்ணும் தேதிக்குப் பொருந்தியது. வலது கீழ் மூலையில் மட்டும் கார்டு எப்போதோ மடங்கி, படப் பூச்சில் மயிரிழைபோல விரிசல்கள் ஓடியிருந்தன. கையெழுத்தின் கடைசி எழுத்து அந்த விரிசல்களைக் கடந்து போனது. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் பிரிந்து பாய்வதுபோல மை கோட்டிலிருந்து விலகி விரிசல்களுக்குள் ஓடிப்போயிருந்தது. கையெழுத்து முதலில் இருந்து, பிறகு கார்டு மடங்கியிருந்தால் விரிசல் மையை வெட்டியிருக்கும், உடைந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் தெரியும். மை விரிசலுக்குள் இறங்கியிருக்கிறது என்றால் விரிசல்தான் முந்தியது. கார்டு பழசாகி, அடிபட்டு, மடங்கிய பிறகுதான் யாரோ எழுதியிருக்கிறார்கள். லா யானா 1940 மார்ச்சில் 35 வயதில் இறந்துபோனார். இரண்டு வருடத்தில் ஒரு கார்டு அவ்வளவு அடிபட்டிருக்கலாம் என்று விற்பவர் சொன்னார். இருக்கலாம்தான், ஆனால் என் பணத்தை வைத்து அதை நம்ப நான் தயாராக இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பேனாவும் காலம் சொல்லும். பால்பாயிண்ட் பேனா ஜெர்மனியில் பரவலானது போருக்குப் பிறகு, 1950-களில். ஸ்கெட்ச் பேனா அதற்கும் பிறகு, 1960-களில். ஆகவே நடிகர் எப்போது இறந்தார் என்று தெரிந்து வைத்திருப்பது பாதி வேலையை முடித்துவிடும். ரெனாட்டே முல்லர் 1937-ல் இறந்தார். யோவாகிம் காட்ஷால்க் 1941-ல், கான்ராட் ஃபைட் 1943-ல் ஹாலிவுட்டில். இவர்கள் பெயரில் பால்பாயிண்ட் கையெழுத்து இருந்தால் பேச்சே இல்லை. லிலியன் ஹார்வி அப்படியில்லை. 1968 வரை இருந்தார், போருக்குப் பிறகும் மேடை நிகழ்ச்சிகளுக்காக ஜெர்மனிக்கு வந்தார். அதனால் உங்கள் கார்டில் பால்பாயிண்ட் என்று தெரியவந்தால் உடனே ஒதுக்க வேண்டியதில்லை. பிற்காலக் கையெழுத்துகளோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். கமில்லா ஹோர்ன், மரிகா ரோக், இல்ஸெ வெர்னர், ஹைன்ஸ் ரூமான் போன்றவர்கள் நீண்ட ஆயுள் வாழ்ந்து, முதுமையிலும் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். இவர்களின் பழைய கார்டில் புதிய பேனா என்பது நாள்தோறும் பார்க்கிற விஷயம்.

மார்லீன் டீட்ரிக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது அவரைத்தான். அவர் நடித்த ‘நீல தேவதை’ படம் 1930 ஏப்ரல் 1 அன்று பெர்லினின் குளோரியா பாலஸ்ட் தியேட்டரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அன்று இரவே அவர் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். அதனால் பெர்லினில் அவர் புகழின் உச்சியில் இருந்து கையெழுத்துப் போட்ட காலம் என்று ஒன்று ஏறத்தாழ இல்லவே இல்லை. ராஸ் மட்டும் பாரமவுண்ட் படங்களை வைத்து அவர் கார்டுகளைத் தொடர்ந்து வெளியிட்டது. அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்காகப் பாடினார். 1960-ல் மேற்கு ஜெர்மனியில் பாட வந்தபோது சிலர் ‘திரும்பிப் போ’ என்று பதாகை பிடித்தார்கள், சிலர் 30 வருடம் பெட்டியில் வைத்திருந்த ராஸ் கார்டை எடுத்துக்கொண்டு மேடை வாசலுக்குப் போனார்கள். ஆக, 1930-ன் கார்டில் 1960-ன் பேனா அவரைப் பொறுத்தவரை சந்தேகத்துக்குரியதல்ல, சில சமயம் அதுவே நம்பத்தகுந்த கதை. கிரேட்டா கார்போ இதற்கு நேர் எதிர். கையெழுத்துப் போட மறுப்பதற்கே பேர்போனவர். கார்போவின் கையெழுத்திட்ட ராஸ் கார்டு சந்தையில் மலிவாகக் கிடைத்தால் பேசாமல் கீழே வைத்துவிடுங்கள்.

கார்டின் பின்பக்கத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். தபாலில் போன கார்டு என்றால் தபால்தலையும் முத்திரையும் தேதி சொல்லும். கறுப்பு ஓரம் போட்ட, ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கின் தபால்தலை 1934-ல் அவர் இறந்த பிறகு வந்தது. அன்றாடம் ஒட்டும் ஹிட்லர் தபால்தலை 1941-லிருந்து. கார்டில் ஸ்வஸ்திகா தெரிந்தால் விற்பவர் அதன் மேல் சின்னக் காகிதம் ஒட்டி வைத்திருப்பார். அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனியில் சட்டப்படி குற்றம் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். நீங்களும் படம் எடுத்து இணையத்தில் போடும்போது மறைத்துவிடுங்கள். பின்னால் எழுதியிருப்பதை ஜெர்மன் தெரிந்தும் படிக்க முடியாமல் போகலாம். பழைய தலைமுறை குரெண்ட் என்ற கூர்கூரான கையெழுத்தில் எழுதும். அதிலிருந்து வந்த ஸுட்டர்லின் எழுத்து பிரஷியப் பள்ளிகளில் 1915-லிருந்து கற்றுக்கொடுக்கப்பட்டு, 1941-ல் நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் பழகினால் வந்துவிடும். வெள்ளைக்காகிதம் புற ஊதா விளக்கில் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1950-களுக்குப் பிந்திய காகிதம். ரூபாய் நோட்டுச் சோதிக்கும் சின்ன விளக்கே இதற்குப் போதும். 1930-ன் கார்டு அப்படி ஒளிராது.

ஹென்னி போர்ட்டனின் கார்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. முன்னால் பேனாவில் ‘அன்பான நினைவாக’ என்று எழுதிக் கையெழுத்து. அந்தக் காலத்து நடிகர்கள் வழக்கமாக எழுதும் வாசகம்தான். பின்னால் பென்சிலில் யாரோ ஒரு பெண் ஊர் பெயரும் தேதியும் எழுதி, அடியில் ‘அம்மாவோடு, மழை’ என்று மட்டும் எழுதியிருக்கிறாள். அந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஆனால் அந்தப் பென்சில் வரி இருப்பதால்தான் முன்னால் இருக்கும் கையெழுத்தை நான் முழுதாக நம்புகிறேன். ஏமாற்றுபவன் மழையைப் பற்றி எழுத மாட்டான். பெயர் குறிப்பிட்டு, ‘இன்னாருக்கு’ என்று எழுதிய கார்டுகளை வியாபாரிகள் விலை குறைத்து மதிப்பார்கள். வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால்தான் அவர்களுக்குப் பிடிக்கும். நீங்கள் அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நிறைய எழுதியிருந்தால் ஒப்பிட நிறைய எழுத்து கிடைக்கிறது. போலி செய்பவன் பெரும்பாலும் ஒரு பெயரை மட்டும்தான் பழகி வைத்திருப்பான்.

விலையால் அளக்க முடியாத கார்டுகள் என்று சில உண்டு. அவற்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. குர்ட் கெரோன், ‘நீல தேவதை’யில் மந்திரவாதி கீப்பர்ட்டாக வந்தவர், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. யூதர் என்பதால் ஜெர்மன் சினிமாவிலிருந்து விரட்டப்பட்டு, கடைசியில் 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஓட்டோ வால்பர்க் என்ற நகைச்சுவை நடிகரும் அதே வருடம் அதே இடத்தில். யோவாகிம் காட்ஷால்க்கின் மனைவி யூதர். அவரை விவாகரத்து செய்யும்படி நெருக்கினார்கள், காட்ஷால்க் மறுத்தார். மனைவியையும் சிறு மகனையும் முகாமுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 1941 நவம்பரில் மூவரும் சேர்ந்து உயிரை விட்டார்கள். இவர்களின் கார்டு, கையெழுத்து இல்லாமல் இருந்தாலும், கண்ணில் பட்டால் வாங்கிவிடுகிறேன். இதே பெட்டியில் நாஜிப் பிரச்சாரப் படங்களில் நடித்துக் கௌரவம் பெற்றவர்களின் கார்டுகளும் பக்கத்திலேயே கிடக்கும். அவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டும். நான் சேர்க்கிறேன், ஆனால் யார் என்ன செய்தார் என்று தெரிந்துகொண்டுதான் சேர்க்கிறேன். முகம் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கார்டைச் சுவரில் மாட்டுவதில்லை.

எங்கே ஆரம்பிப்பது? போருக்குப் பிந்திய கார்டுகளில் ஆரம்பியுங்கள் என்பேன். கோலிப்ரி, ரூடல், குன்ஸ்ட் உண்ட் பில்ட் போன்ற மேற்கு ஜெர்மன் பதிப்பகங்கள், கிழக்கில் புரோக்ரெஸ். அந்தக் காலத்து நடிகர்கள் நிறையக் கையெழுத்துப் போட்டவர்கள், பலர் நெடுநாள் இருந்தவர்கள், ஒப்பிட மாதிரிகள் ஏராளம், விலையும் பையைக் கடிக்காது. ரோமி ஷ்னைடர் மட்டும் விதிவிலக்கு. அவருக்கு விலையும் அதிகம், போலியும் அதிகம். இருபது, முப்பது அசல் கையெழுத்துகளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு கண் தானாகப் பழகிவிடும். வேகமாகப் போட்டுப் போட்டுப் பழகிய கை எப்படி ஓடும், பார்த்து வரைகிற கை எங்கே தயங்கும் என்று சொல்லித்தர முடியாது, பார்த்துப் பார்த்துத்தான் வர வேண்டும். அப்புறம் 1920-களுக்குப் போகலாம். ஒரே ஒரு நடிகரை, அல்லது ஒரே ஒரு ஸ்டூடியோவைப் பிடித்துக்கொள்வது நல்லது. எல்லோரையும் சேர்க்க நினைத்தால் யாரையும் தெரியாமல் போய்விடும்.

பெர்லினில் 17 ஜூன் தெருச் சந்தை, போடெ அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் நடக்கும் பழம்பொருள் புத்தகச் சந்தை, ஞாயிறுகளில் மவுர்பார்க் ஆகியவற்றில் பெட்டிகள் கிடைக்கும். காலையில் சீக்கிரம் போங்கள். தனிக் கார்டைவிட மொத்தமாக விற்கும் கட்டுகள் நல்லவை. ஜெர்மனில் ‘கோன்வொலூட்’ என்பார்கள். ஒரே வீட்டிலிருந்து வந்த கட்டாக இருந்தால் எல்லாக் கார்டிலும் ஒரே ரசிகரின் பென்சில் எழுத்து இருக்கும், அதுவே ஒரு சாட்சி. பழைய ஆல்பத்தின் கறுப்புத்தாளில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். தாளோடு சேர்த்து வெட்டி வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் ஆல்பத்தை முழுசாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக: பிவிசி கலக்காத பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். லேமினேட் செய்யவே கூடாது. வெயில் படும் சுவரில் மாட்டினால் பேனா மை இரண்டு கோடையில் மங்கிவிடும். அடர்ந்த நிறப்பகுதியில் வெள்ளி மினுமினுப்பாகத் தெரிவது வயதின் அடையாளம், துடைக்க முயலாதீர்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள்: சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். கண்ணாடிக்கும் கார்டுக்கும் இடையே அட்டைச் சட்டம் வேண்டும். மற்றதைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி படத்தின் மேலேயே படியும்.

இனி உங்கள் ஹார்வி கார்டு. லண்டனில் பிறந்தவர், 1930, 31-ல் உஃபா என்ற ஜெர்மன் சினிமா கம்பெனியின் இசைப்படங்களால் ஐரோப்பா முழுக்கப் புகழ்பெற்று, 1933-ல் ஹாலிவுட் போய், 1935-ல் திரும்பி, 1939-ல் ஜெர்மனியைவிட்டே வெளியேறியவர். கையெழுத்துக்குக் கீழே தேதி இருந்தால் இந்த வருடங்களோடு வைத்துப் பாருங்கள். ஃபாக்ஸ் என்ற பெயர் படத்தின் அடியில் இருந்தால் அது ஹாலிவுட் காலத்துப் படம், கையெழுத்தும் அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்க முடியும். அடுத்த ஞாயிறு அந்தப் பெட்டி அங்கேயே இருந்தால், வெளிச்சத்தில் சாய்த்து ஒரு படம், அடி ஓரத்து எண் தெரிய ஒரு படம், பின்பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மடிப்போ விரிசலோ இருந்தால் அந்த இடத்தை மட்டும் நெருக்கமாக எடுங்கள். படம் எடுக்க வேண்டாம் என்று விற்பவர் சொன்னால் 60 யூரோவை வேறு கார்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.